தெருவைத் தாண்டிய கம்பி

உரிமம் இல்லாமல் எவரும் தந்திக் கருவி எதையும் நிறுவவோ, வைத்திருக்கவோ, இயக்கவோ கூடாது. கருவி என்றால் கம்பி உள்ளது, கம்பி இல்லாதது, அனுப்புவது, வாங்குவது எல்லாம் அடக்கம். வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போன நூறு வயதுச் சட்டம் இது. வானத்தில் ஒரு செயற்கைக்கோள் நின்றுகொண்டு சினிமாப் பாட்டைக் கீழே தூவும் என்று அவன் கனவுகூடக் கண்டிருக்க மாட்டான். நல்ல சட்டம் என்பது எழுதியவன் நினைக்காததையும் தடுக்க வேண்டும். அந்த வகையில் இது மிக நல்ல சட்டம்.

எண்பதுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகம் பக்கத்து எங்கள் தெருவில், ஒரு பெண்மணி இதை நாள்தோறும் மாலையில் மீறிக்கொண்டிருந்தார்.

தெருவில் மாமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெறுமனே மாமி என்றால் அவர் ஒருவர்தான். கணவர் பொன்முடியில் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கர். பஸ் கிடைத்த சனிக்கிழமைகளில் மலையிறங்கி வருவார். "நான் மேலே குளிர்லே இருக்கேன். கீழே இவ ஆட்சி" என்று சொல்லிவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். மாமியை எதிர்க்க நினைத்த பலரும் பிற்பாடு கைக்கொண்ட கொள்கை அதுதான்.

நான் அப்போது மத்திய சர்க்காரின் ஓர் இலாகாவில், விண்ணப்பங்கள் வந்து இளைப்பாறும் பிரிவில், சூப்பிரண்டு. தந்திக்கும் எனக்கும் சம்பந்தமில்லை; ஆனால் காகிதம் எல்லா இலாகாவிலும் ஒரே மாதிரிதான் தூங்கும். எதைக் கேட்டாலும் நான் விதியைச் சொல்வேன் என்பதால் மாமி என்னைச் "செக்‌ஷன் அண்ணா" என்று அழைப்பார். அதில் மரியாதை எவ்வளவு என்று நான் ஆராயவில்லை.

எதையும் எல்லோருக்கும் பங்கு வைக்கிற குணம் தொலைக்காட்சிக்கு முன்பே அவரிடம் இருந்தது. எங்கள் வீட்டு வரிசைக்கு ஒரே ஒரு தமிழ் வாரப் பத்திரிகை வரும். வாங்குவது மாமி. வந்த உடனே நடுவிலிருக்கும் பின்னைப் பிடுங்கி, தாள் தாளாகப் பிரித்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார். மாலைக்குள் தாள்கள் வீடு மாறி வீடு மாறி ஊரைச் சுற்றிவிடும். தொடர்கதையின் நடுப்பக்கம் காலையில் கிடைக்கும். ஆரம்பம் காபிக்குப் பிறகு வரும்.

எனக்கு அடுத்த வீட்டு வக்கீல் ஒருநாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தார். "ஏன் மாமி, படிக்கிறதுக்கு ஒரு முறை வேண்டாமா? செத்தவன் காலம்பற எட்டு மணிக்கே செத்துட்டான். அவன் யாருன்னு எனக்கு மத்தியானம்தான் தெரியறது."

"ரயில்லே ஏறறவா எல்லாரும் எஞ்சின்லேர்ந்தா ஏறறா?" என்றார் மாமி. "கிடைச்ச பெட்டியிலே ஏறிக்கோங்கோ. ஊர் வந்துடும்."

கல்யாண வீடுகளில் அவர் பரிமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஓர் இலையில் ஒன்று விழாமல் அடுத்த இலைக்கு நகர மாட்டார். பாயசம் ஒருவருக்கு இல்லையென்றால் வாளியோடு அங்கேயே நிற்பார். சமையற்காரர் உள்ளிருந்து ஓடிவர வேண்டும். மந்திரி ஒருவரின் இலைக்கு முன்னால் பாயச வாளி அப்படி நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். பரிமாறியவர்கள் கடைசிப் பந்தியில் உட்காருவது நம் வழக்கம். மாமி அந்தக் கடைசிப் பந்தியிலும் கடைசி இலை.

இனி உருளிக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் நிலையம் அப்போது மாலையில் கொஞ்சம் மலையாளம் காட்டும். பிறகு டில்லியிலிருந்து ஹிந்தி. மலையாளம் எங்கள் பள்ளிக்கூட பாஷை, ஆபீஸ் பாஷை, அதில் குறையில்லை. ஆனால் மதராஸிலிருந்து தமிழ் நிகழ்ச்சி செயற்கைக்கோள் வழியாகத் தமிழ்நாட்டுச் சின்ன நிலையங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைப் பாட்டும் ஞாயிற்றுக்கிழமை சினிமாவும் எங்கள் ஓட்டுக்கு மேலேதான் பறந்துகொண்டிருந்தன. பிடித்து இறக்கத்தான் ஆளில்லை. மாமியின் தம்பி மஸ்கட்டிலிருந்து வந்தபோது, அதைப் பிடிக்கிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். பெட்டிக்கு ஒரு பெரிய ஆண்டெனாக் குடை வேண்டும். அதை மஸ்கட்டிலிருந்து தூக்கிவர முடியாது.

மாமி விழிஞ்ஞத்துக்குப் போனார். அங்கே அப்போது ஃபைபர் படகு கட்டும் பட்டறைகள் வந்திருந்தன. படகு வார்க்கிறவருக்குக் குடை வார்க்கத் தெரியாதா என்பது அவருடைய வாதம். பட்டறைக்காரர் வார்த்தார், உட்பக்கம் கம்பிவலை பதித்து, படகுக்கு வைத்திருந்த நீலச் சாயத்தையே பூசினார். துணைக்குப் போயிருந்த நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம் போலப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அவர் கேட்டார்: "பேரு எந்தா எழுதணும், அம்மா?"

படகு என்றால் பெயர் வேண்டும். மாதாவின் பெயரோ, மகளின் பெயரோ.

"ஒண்ணும் எழுதாதீங்கோ" என்றார் மாமி. "பேர் எழுதினா ஒருத்தரோடதாயிடும்."

அது மினி லாரியில் தெருவுக்குள் வந்தபோது, கோயில் பாயசத்துக்குப் புது உருளி வந்துவிட்டதென்று இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து அதன் பெயர் உருளி. மாமியின் கொல்லையில், முருங்கைக்கும் கிணற்றுக்கும் நடுவே, வானத்தைப் பார்த்து உட்கார்ந்தது.

நான் விதியைச் சொன்னேன். "மாமி, இதுக்கு லைசென்ஸ் வேணும். ஒரு வீட்டுக்கு, ஒரு கருவிக்கு."

"மேலேர்ந்து விழறதை வாங்கிக்கறதுக்கா? மழைக்கு லைசென்ஸ் வாங்கித்தான் கிணறு வெட்டினோமா?"

"மழை தந்திக் கருவி இல்லை."

"செரி, நீங்க எழுதுங்கோ. கேக்கறது என் கடமை, கேக்கறேன். ஆனா பதில் வர்றவரைக்கும் கையைக் கட்டிண்டு உக்காரறது என் கடமை இல்லே, கேட்டேளா?"

எழுதினேன். கருவி இருக்கும் இடம் என்ற பத்தியில் அவருடைய விலாசத்தை எழுதப் போனேன். அவர் எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். பத்தியில் இடமில்லை என்றேன். "பின்னாலே வெள்ளையாத்தானே கிடக்கு" என்றார். காசு மட்டும் யாரிடமும் வாங்கக்கூடாது, வாங்கினால் அது வியாபாரம், அதற்கு வேறு சட்டம் என்று எச்சரித்தேன். அந்த ஒன்றை அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

பங்கு வைப்பது எப்படி என்று சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் எல்லா வீடுகளுக்கும் நடுவில் பொதுச்சுவர். ஓடு ஒரே கூரையாக ஓடும். மாமியின் வீடு ஒரு கோடியில். அங்கிருந்து கம்பி, மச்சுக்கு மச்சு, உத்தரத்தின் அடியில் ஓட்டை போட்டு, வீடு வீடாகப் போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னப் பெட்டி கம்பியிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த வீட்டு டிவிக்குக் கொடுக்கும். எடுக்க எடுக்க, போகப் போகப் படம் மெலியும். கடைசி வீட்டில் கதாநாயகி மாவு சலிக்கிற மாதிரி இருப்பாள். பிடிக்கிற பெட்டி ஒன்றே என்பதால் எல்லா வீட்டிலும் ஒரே நிகழ்ச்சிதான். திருகுகிற குமிழ் மாமியின் வீட்டில்.

சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்த டிவி மெக்கானிக், முறைப்படி முதல் பெட்டியை மாமியின் கூடத்தில் வைக்கப் போனார்.

"இங்கே வேண்டாம். கடைசியிலே போடு."

"மாமி, குடை மாமீடெ வீட்டில். முதல் கணெக்‌ஷன் மாமிக்கு. நல்ல க்ளியர் படம் கிட்டும்."

"பரிமாறறவா முதல் இலையிலே உக்கார்றதில்லே."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். ஆக, அவர் வீட்டிலிருந்து கிளம்பிய கம்பி வரிசை முழுவதும் போய், மறுகோடியில் திரும்பி, கொல்லைச் சுவர் வழியாக அத்தனை தூரமும் மறுபடி வந்து, அவருடைய டிவியில் நுழைந்தது. உருளிக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு தெருவிலேயே மோசமான படத்தை அவர் பார்த்தார். எந்த எஞ்சினீயரும் இதைக் கேட்டால் சிரிப்பான். சிரித்தான், அவர் தம்பியேதான். மாமிக்கு அது படவில்லை. "என் டிவியிலே தெரிஞ்சா எல்லார் டிவியிலேயும் தெரியறதுன்னு அர்த்தம். நான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம் பாரு."

ஒரு காற்று நாளில் முருங்கைக் கிளை ஒன்று முறிந்து உருளியின் மேல் விழுந்து, அதை வேறொரு செயற்கைக்கோள் பக்கம் திருப்பிவிட்டது. அன்று எங்கள் வரிசை முழுவதும், கறுப்பு வெள்ளையில், ரஷ்யாக்காரர் ஒருவர் கோதுமையைப் பற்றிப் பேசுவதைப் பார்த்தது. பத்து நிமிஷம் ஒருவரும் புகார் சொல்லவில்லை. ஏதோ டில்லி நிகழ்ச்சி என்று நினைத்திருக்கிறார்கள்.

எல்லாம் நன்றாகப் போயிருக்கும், தெருவுக்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று இல்லாமலிருந்தால்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பழைய வீட்டை நாகர்கோவில் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வாடகைக்கு எடுத்து மெஸ் நடத்தினார். ஊரில் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். கொத்தனார்கள், கம்பி கட்டுகிறவர்கள், ஓட்டல் வேலைக்காரர்கள் எல்லாம் தெற்கேயிருந்து வந்து அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களும் ஒரு டிவி வைத்திருந்தார்கள். அதில் மலையாளமும் ஹிந்தியும்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சினிமா தொடங்கியதும் அவர்கள் தெருவில் இறங்கி, எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். என் ஜன்னலில் நாலைந்து தலை. மாமியின் ஜன்னலில் படம் மோசம் என்பதால் கூட்டம் குறைவு. வக்கீல் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

சாத்திய ஜன்னலை மாமி பார்த்தார். அந்த வாரமே அண்ணாச்சியைக் கூப்பிட்டனுப்பினார்.

அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். "அம்மா, பயக்க வந்து நிக்கது எடஞ்சலா இருக்கும்னு தெரியும். சொல்லிவைக்கேன். இனி வரமாட்டானுவ."

"வரப்படாதுன்னுதான் நானும் கூப்பிட்டேன். தெருவிலே நின்னுண்டு பார்க்கறதை என்னாலே பார்க்க முடியலே. உங்க மெஸ்ஸுக்கு ஒரு கம்பி தரேன். உக்காந்து பாருங்கோ."

அண்ணாச்சி திரும்பி எங்கள் வரிசை வாசல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, "நல்ல காரியந்தான். ஆனா இந்தத் தெருக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு பாத்துக்கிடுங்க" என்றார்.

தெருக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை வக்கீல் அன்று சாயங்காலமே வந்து சொன்னார். "மாமி, அக்ரஹாரத்திலேர்ந்து கொத்தனாருக்குக் கம்பி இழுக்கறதா? அதுவும் நம்ம படத்தை மெலியவெச்சு?"

"போன வருஷம் உங்காத்து மாடியைக் கட்டினது யாரு வக்கீல் அண்ணா? நீங்களா கரண்டி பிடிச்சேள்?"

"அது கூலி குடுத்துக் கட்டினது."

"இது கூலி இல்லாமெ மேலேர்ந்து வர்றது. உங்களுக்கும் எனக்கும் எப்படி வர்றதோ அப்படி."

அதுவரை நானும் பேசாமல் இருந்தேன். ஆனால் கம்பி தெருவைத் தாண்டுவது என்பது வேறு விஷயம். பொதுச்சுவருக்குள் ஓடினவரை அது எங்கள் மச்சு விவகாரம். சர்க்கார் ரோட்டின் மேல் ஒரு முழம் நீட்டினாலும் அது சர்க்கார் விவகாரம். "பிடிச்சா பெட்டியை எடுத்துண்டு போயிடுவா மாமி. எல்லாருக்கும் போயிடும். உங்க மேலே கேஸ் வரும்" என்றேன்.

"எடுத்துண்டு போகட்டும். இல்லாதபோது ஒருத்தருக்கும் இல்லே. அது எனக்குப் பொறுக்கும்."

கம்பி போயிற்று. என் வீட்டு மாடிக் கைப்பிடியிலிருந்து அண்ணாச்சியின் மொட்டைமாடிக் கொடிக்கம்பம் வரை. விதிப்படி மறுத்திருக்க வேண்டிய கைப்பிடி அது. அதைப் பற்றி யாரும் என்னிடம் எழுத்துமூலம் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு படம் தொடங்கிப் பாதியில் மாமியின் டிவி இருண்டது. வக்கீல் தன் மச்சில் ஏறிக் கம்பியைப் பிடுங்கிவிட்டார். அவருக்கு முன்னால் இருந்த வீடுகளில் படம் வந்தது, அவர் வீட்டிலும் வந்தது. அவருக்கு அப்புறம் இருந்த வீடுகள், அவற்றிலிருந்து போன மெஸ், சுற்றி வந்த மாமியின் டிவி, எல்லாம் போயிற்று. மாமிக்கு என்ன நடந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தன் டிவியை அணைக்கவில்லை. பிடிக்கிற பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினார். முழு வரிசையும் இருண்டது. வாசலில் வந்து நின்றார்.

"என்ன மாமி, கதாநாயகன் தூக்குமேடையிலே நிக்கறான்" என்று ஒருவர் கத்தினார்.

"நிக்கட்டும். ஒரு இலைக்கு விழலே. அடுத்த இலைக்கு நகர மாட்டேன்."

தெரு முழுவதும் வக்கீல் வீட்டைப் பார்த்தது. வக்கீல் ஈஸிசேரில் சட்டப் புத்தகம் வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஏணி சார்த்தும் சத்தம் கேட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மச்சில் ஏறியது அவருடைய மனைவி. "ஆயிரம் கேஸ் ஜெயிச்சாச்சு, ஒரு சினிமா முழுசாப் பார்க்க விடலே" என்று மேலிருந்து அவர் சொன்னது தெருக்கோடி வரை கேட்டது. கம்பி சேர்ந்தது. தூக்குமேடையில் நின்றவன் அதற்குள் எப்படியோ தப்பித்திருந்தான்.

வக்கீல் செய்தது அவர் தொழிலுக்கு உகந்தது: தந்தி இலாகாவுக்குப் புகார் அனுப்பினார். இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். இளம் வயது, நல்ல மனிதர். உருளியைச் சுற்றி வந்தார், கைப்பிடியைப் பார்த்தார், தெருவுக்கு மேலே தொங்கிய கம்பியைப் பார்த்தார். மாமி கொடுத்த காபியைக் குடித்தார்.

"மாமி, ரோட்டுக்குக் குறுக்கே உள்ள கம்பி மாத்திரம் எடுக்கணும். மத்ததெல்லாம் ஞான் கண்டில்லா."

"அதை எடுத்தா மத்ததும் வேண்டாம். பெட்டியை இப்பவே எடுத்துண்டு போங்கோ. ரசீது குடுங்கோ."

இன்ஸ்பெக்டர் தர்மசங்கடமாக என்னைப் பார்த்தார். "சாரே, நிங்ஙள் ஒண்ணு பறயூ."

நான் விண்ணப்பத்தின் நகலையும் அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் காட்டினேன். முடிவெடுக்காத விண்ணப்பம் ஒன்று நிலுவையில் இருக்கும்போது, மேலிடத்து உத்தரவில்லாமல் கருவியைத் தொட்டால் அவர் தொட்டதற்கு விளக்கம் எழுத வேண்டிவரும் என்றேன். இலாகாவின் உலகத்தில் நிலுவையைவிடப் பத்திரமான இடம் கிடையாது. இன்ஸ்பெக்டர் அதை எனக்கு முன்பே அறிந்திருந்தார். யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவர் போல எழுந்தார். "எங்கில் ஞான் மேலே எழுதாம்."

மேலே எழுதினார். காகிதம் ஏறத் தொடங்கியது.

அதற்கிடையில் வக்கீல் கோயிலுக்குப் போனார். பங்குனி உற்சவத்தில் ஸ்வாமி வாகனத்தில் எங்கள் தெரு வழியாக வருவார். ஸ்வாமியின் தலைக்கு மேலே கம்பி இருக்கலாமா? இதற்கும் சண்டை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மாமி உடனே தலையை ஆட்டினார். "அது நியாயம். அன்னிக்குக் காலம்பற கழட்டறேன். மறுநாள் கட்டறேன்." அண்ணாச்சியின் ஆட்களே ஏணி கொண்டுவந்து கழற்றினார்கள், கழற்றிய கையோடு தெருவுக்குத் தோரணமும் கட்டினார்கள்.

அன்று காலை பார்த்துத்தான் தபால்காரர் மாமி பேருக்குத் தந்தி இலாகாவின் ரிஜிஸ்டர் கவர் ஒன்றைக் கொண்டுவந்தார். இக்கடிதம் கிடைத்த நாளில் கம்பி பொதுச் சாலையின் குறுக்கே உள்ளதா, இல்லையா என்று தெரிவிக்கவும். இருப்பின் கருவி கைப்பற்றப்படும்.

நான் கவரை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து ஆகாயத்தைப் பார்த்தேன். தோரணம் இருந்தது, ஆகாயம் இருந்தது, கம்பி இல்லை. என் சர்வீஸில் இவ்வளவு அழகான கேள்வியை எந்த இலாகாவும் கேட்டதில்லை. உடனே உட்கார்ந்து எழுதினேன்: தங்கள் கடிதம் கிடைத்த இன்று, சாலையின் குறுக்கே கம்பி எதுவும் இல்லை.

மாமி வாசித்தார். "இது நெஜம்தான்."

"அட்சரம் அட்சரமா நெஜம். கையெழுத்துப் போடுங்கோ."

"நாளைக்கு?"

"நாளைக்கு என்னன்னு அவா கேக்கலே. கேக்காததுக்குப் பதில் எழுதறது வழக்கமில்லே."

"வக்கீல் அண்ணா பேசற மாதிரி பேசறேளே" என்றார். அவர் என் பேனாவை வாங்கி, என் அழகான வாக்கியத்துக்குக் கீழே, பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்: இன்று ஸ்வாமி வருகிறார், அதனால் இல்லை. நாளைக் காலையில் கட்டுவோம். எதிர்த்தாற்போல் இருப்பவர்களும் எங்களோடு பார்ப்பவர்கள். நேரில் வந்தாலும் இதையே சொல்வேன்.

கையெழுத்திட்டு, தானே போய்த் தபாலில் சேர்த்தார். மறுநாள் கம்பி ஏறியது.

பிறகு நாங்கள் காத்திருந்தோம். ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் வரிசை முழுவதும் வாசலுக்கு வந்தது. ஆள் வந்தால் பெட்டியைத் தன் அரிசிக் குதிருக்குள் மறைத்துவைப்பதாக அண்ணாச்சி சொன்னார். மாமி வேண்டாம் என்றுவிட்டார். "ஒளிச்சுவெச்சா திருடினதுன்னு ஆயிடும்." சித்திரை போயிற்று, இடவப்பாதிப் பருவமழை வந்தது, கர்க்கடக மாசத்து அடைமழையில் கம்பியில் காக்கைகள் நனைந்துகொண்டு உட்கார்ந்தன. வக்கீல்கூட ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஓய், எடுத்துண்டு போயிடுவாளோ?" அவர் குரலில் வெற்றி இல்லை. அந்த ஞாயிறு என்ன படம் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

கவர் வந்தபோது மாமி பிரிக்கவில்லை, என்னிடம் நீட்டினார். அண்ணாச்சி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, இடுப்பில் துண்டோடு தெருவைத் தாண்டி வந்து நின்றார். இரண்டே வரி. தாங்கள் தெரிவித்த விவரங்கள் குறித்துக்கொள்ளப்பட்டன. இத்துடன் இக்கோப்பு முடிக்கப்படுகிறது.

"அப்படின்னா?" என்றார் மாமி.

"எடுக்கச் சொல்லலே. அனுமதியும் தரலே. நீங்க கட்டுவேன்னு எழுதினதைப் படிச்சுட்டு, சரி, படிச்சோம்னு சொல்லியிருக்கா."

அண்ணாச்சிக்கு இன்னும் விளங்கவில்லை. "கம்பி கெடக்கட்டாம்மா?"

"அதை அவாகிட்டே கேக்கணும்னு எனக்கு இன்னிவரைக்கும் தோணலே" என்றார் மாமி. "போங்கோ, உங்க அடுப்பு தீயறது."

நான் வழக்கம் போலக் கடிதத்தின் மேல் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: ஆவணி ஒன்று. மலையாளத்தாருக்கு அன்று வருஷப் பிறப்பு.